ஓட்டைக்கு விளிம்பு தைத்த சட்டை

"அப்பா, என் கறுப்பு டி-ஷர்ட் எங்க?"

சேதுராமன் பெருமையாகவே பதில் சொன்னார். "வாட்ச்மேன் வேலுச்சாமி ஊருக்குக் கார்ட்டன் கட்டுறார்மா. காலைல அதுல போடக் குடுத்துட்டேன். ஏழு ஓட்டை இருந்துச்சே."

வளைகுடாவில், முவைலா பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் யார் ஊருக்கு அனுப்பக் கார்ட்டன் கட்டினாலும் எல்லா வீட்டிலிருந்தும் பழைய துணி போகும். ஆனால் இது பழைய துணி இல்லையாம். 'ரஸ்ட் தியரம்' என்ற அமெரிக்க மேத்கோர் ராக் இசைக்குழுவின் கடைசிச் சுற்றுப்பயணச் சட்டையாம். குழுவே கலைந்துவிட்டது, இனி கிடைக்காது.

ஷ்ருதி கதவை அறைந்து சாத்திவிட்டுக் கீழே போனாள். திரும்பி வந்ததும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பத்து நாளில் அவள் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். டியூட்டி முடிந்து வந்தும் லேப்டாப்பே கதியாக இருந்த சேதுராமன் இப்போது அதை மூடிவைத்தார். மகள் இப்படியே விமானம் ஏறிவிட்டால்?

மறுநாள் வேலுச்சாமியைப் பிடித்தார்.

"கார்ட்டன் காலைலயே கார்கோவுக்குப் போயிருச்சுங்க சார்," என்றார் அவர், லிஃப்ட் பட்டனைத் துடைத்தபடி.

சேதுராமன் சத்வா கடைத்தெருவுக்கு ஓடினார். இணையத்தில் கிடைத்த, குழுவினர் பெயர் போட்ட ஒரு சட்டையின் படத்தைக் காட்டியதும் தையற்கடை ஹபீப் முகம்மது அப்படியே அச்சடித்து, ஏழு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். தொழில் சுத்தம் மட்டும் அவரை விடவில்லை. ஓட்டைகளுக்கெல்லாம் விளிம்பு மடித்துத் தைத்திருந்தார்.

ஷ்ருதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இதுல ரெண்டாவது டிரம்மர் பேர் இருக்கு. அவன் 2009லயே குழுவ விட்டுப் போயிட்டான்."

"மொத்தம் எத்தனை டிரம்மரும்மா?"

"நாலு. உக்காருங்க, சொல்றேன்."

ஒஹையோவில் ஒரு கார் ஷெட்டில் குழு தொடங்கியது, பனியில் வேன் கவிழ்ந்தது என்று ஒரு மணி நேரம் போனது. சேதுராமன் குறிப்பெடுத்துக்கொண்டு போய் அடுத்த சட்டை அடித்து வந்தார். அதில் சண்டை போட்டுப் பிரிந்த கிதார்காரனும், அவனுக்குப் பதிலாக வந்தவனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அதை விளக்க இன்னும் இரண்டு மாலைகள் ஆயின.

அவர்கள் பாட்டு முதலில் மிக்ஸியில் கரண்டி விழுந்ததுபோல் இருந்தது. ஷ்ருதி எண்ணச் சொன்னாள். தொடையில் தட்டி எண்ணினார்.

"மிஸ்ர சாபு தாளம்மா இது. நடுவுல ஒரு அட்சரத்தை முழுங்குறான், திருடன்."

"அதுதான்ப்பா விஷயமே."

சமையலறையிலிருந்து மனைவி நீலா எட்டிப் பார்த்தாள். "வேன்ல கை உடைஞ்சவன் யாருங்க? பூஜைல அவன் பேரைச் சொல்லி வேண்டிக்கிறீங்க."

"மூணாவது டிரம்மர்," என்றார்கள் இருவரும்.

பத்தாம் நாள் ஷ்ருதி விளிம்பு தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் விமான நிலையம் போனாள். உள்ளே போகுமுன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வதென்று சேதுராமனுக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் லிஃப்ட் அருகே நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் வேலுச்சாமி. அந்தச் சட்டை போனதாலதான் எம்பொண்ணு எனக்குக் கிடைச்சா."

வேலுச்சாமி தலையைச் சொறிந்தார். "சட்டை எங்க சார் போச்சு? பாப்பா அன்னைக்கே கீழ வந்து பெட்டியப் பிரிச்சு எடுத்துக்கிச்சு. தெரிஞ்சா அப்பா மறுபடி லேப்டாப் முன்னாடி போய் உக்காந்துருவாருன்னு, பத்து நாளா என்னை வாயைத் திறக்க விடல."