மாப்பிள்ளை நடத்திய கண்ணாடிப் போர்

வாழி தலைமை எழுத்தர்! கோப்புகளின் காவலன், கூட்டல் கழித்தலில் குற்றமறியாக் கொற்றவன், திருகாணி ஒன்றைத் திருப்பும் முன் தொண்டையை மும்முறை செருமும் திண்தோள் வீரன், பழைய கார் ஒன்றை வாங்கி அதைப் புதுக்கார் என்றே தெருவை நம்பவைத்த நாவன்மையாளன் வாழி! அவன் தன் காரின் நான்கு கண்ணாடிகளோடும் நான்கு பூட்டுகளோடும் பொருத பெரும்போரை இதோ பாடப்போகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்; நடுவில் செருப்புத் தேடினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இப்போர் மண்ணுக்காக எழுந்ததன்று, பொன்னுக்காக எழுந்ததன்று; மாமனாரின் வலக்கண்ணுக்காக எழுந்தது. புரை நீக்கிய அக்கண்ணில் தூசி படவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அன்று மாலை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். நல்ல வாடகைக் காராக அனுப்புகிறேன் என்று அவருடைய மூத்த மகன், அதாவது நம் வீரனின் மச்சான், போனில் முழங்கியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் ஆணை பிறப்பித்தார்:

“மாப்பிள்ளை கார் இருக்கும்போது வாடகைக் கார் என்னத்துக்குடா? நான் அவர் வண்டியிலதான் வருவேன்.”

பக்கத்தில் நின்று அதைக் கேட்ட வீரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவன் அவன். இப்படி ஒருவர் தன்னை நம்புவது அவனுக்குப் பெரிய விஷயம். இந்த ஒன்றை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன்.

ஆனால் அந்தக் கார் இருக்கிறதே! முந்தின நாளிலிருந்து அதற்குப் பேய் பிடித்திருந்தது. கண்ணாடிகளை ஏற்றி வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், நான்கும் ஓசைப்படாமல் இறங்கிக் கதவுக்குள் பதுங்கியிருக்கும். பூட்டுகளோ யாரும் தொடாமலே டக்கென்று பூட்டி, டக்கென்று திறந்து, நக்கலாகச் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமையாதலால் மெக்கானிக் கடையும் அடைப்பு.

“பேசாம எங்கண்ணனுக்கு ஒரு போன் போடறேன்” என்றாள் மனைவி.

வேல் பாய்ந்தது வீரன் நெஞ்சில். வாசலதிர, வராந்தாவில் படுத்திருந்த பூனை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓட, அவன் சூளுரைத்தான்: “உங்கண்ணன் அனுப்புற வண்டியில மாமா ஏறட்டும், அப்புறம் இந்த ஸ்டீரிங்க நான் கையால தொடமாட்டேன்! இது சத்தியம்!”

சொல்லிவிட்டு, கறைபட்டாலும் பாதகமில்லை என்று பழைய கால்சட்டையைக் கவசமென மாட்டி, சட்டைப் பை கிழிந்த முந்தின நாள்முதல் வழக்கமாகிவிட்டபடி, துளையில் இட்டுத் திருகாமல் உள்ளே இருந்தாலே வண்டி கிளம்பிவிடும் பொத்தான் வைத்த கார்ச் சாவியைப் பின்பையில் செருகி, துடைக்கும் துணியை வெற்றிமாலையெனத் தோளிலிட்டு, திருப்புளியை வாளென ஏந்தி, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர்கள் கொடியைவிட்டு நகராமல் பார்த்திருக்க, பகையஞ்சும் நடை நடந்து களம் புகுந்தான் தலைமை எழுத்தன். ஃபியூஸ்களைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல், விளங்கியதுபோல் தலையாட்டி, இருந்த இடத்திலேயே செருகினான். கதவின் உள்பலகையைக் கழற்றினான், கழற்றியதை மாட்டினான், மிஞ்சிய ஒரு திருகாணியை யாரும் பார்க்காதபடி மிதித்துக்கொண்டான். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியபோது கார் ஊரைக்கூட்டி அலறியது.

பின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி வண்டியைக் கிளப்பி, சுவிட்சுகளைத் தூக்கினான். ஆகா! நான்கு கண்ணாடிகளும் அடிபணிந்து ஏறின. வண்டியை அணைத்து, கதவைச் சாத்தி, கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தான். டக்! பூட்டுகள் விழுந்தன. போகட்டும் பூட்டு, கண்ணாடி நின்றால் போதுமென்று வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் வெற்றிப் பெருமூச்சோடு சாய்ந்த மாத்திரத்தில், விழுந்த பூட்டுகள் திறந்துகொள்ள, நான்கு கண்ணாடிகளும் சேர்ந்தாற்போல் இறங்கின.

எழுந்தோடி ஏற்றினான், வந்து அமர்ந்தான், இறங்கின. மறுபடி ஏற்றினான், மறுபடி அமர்ந்தான், மறுபடி இறங்கின. அதற்குள் வானம் கறுத்து, காற்றெழுந்து, தெருப்புழுதியை அள்ளி வீசத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. வீரன் வியர்வையைத் துடைத்தான்.

“மாமாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?” என்று முனகியபடி, கடைசியாக ஒருமுறை கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வந்து, மச்சானுக்கே போன் செய்யத் துணிந்து கைபேசியை எடுத்து நாற்காலியில் அமர்ந்தான்.

தேநீரோடு வந்த மனைவி வாசற்படியில் நின்றாள். அவனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள்.

“எந்திரிங்க.”

“எதுக்கு?”

“எந்திரிங்கன்னு சொல்றேன்ல.”

எழுந்தான். இறங்கிக்கொண்டிருந்த கண்ணாடிகள் பாதியில் நின்றன.

“இப்ப உக்காருங்க.”

அமர்ந்தான். மீதியும் இறங்கின.

“பின்னாடி பாக்கெட்டுல என்ன வெச்சிருக்கீங்க?”

வண்டி அணைந்திருக்கையில் சாவியிலுள்ள பூட்டும் பொத்தான் அழுந்தினால் கதவுகள் பூட்டிக்கொள்ளும், திறக்கும் பொத்தானை விடாமல் அழுத்தினால் நான்கு கண்ணாடிகளும் தாமாக இறங்கும் என்னும் மறைபொருளை, காரை விற்றவர் விளக்கமாகவே சொல்லியிருந்தார். நம் வீரன் அப்போது பாட்டுப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த அரக்கனைக் காலைமுதல் தேடிச் சலித்தானோ, அந்த அரக்கன்மேலேயே அத்தனை நேரமும் அமர்ந்திருந்தான். மனைவி சிரித்த சிரிப்பில் தேநீர் பாதி படியில் கொட்டிவிட்டது.

புழுதிக்காற்று சுழன்றடிக்க, சாவி மனைவியின் கைப்பையில் சிறையிருக்க, கண்ணாடிகள் கோட்டைச் சுவரென நிமிர்ந்து நிற்க, ஒரு துகளும் உட்புகாத அந்தத் தேரின் பின்னிருக்கையில், கண்ணில் பச்சைத்துணி கட்டிய மாமனார் மன்னரென வீற்றிருந்து, “ஏதோ கண்ணாடி ரிப்பேருன்னு சொன்னாங்களே மாப்பிள்ளை, என்னவாம்?” என்று வினவ, ஸ்டீரிங்கைப் பற்றிய வீரனின் காது மடல் சிவக்க, ஏழு தலைமுறைக்கும் நின்று நிலவப்போகும் தன் புகழோ பழியோ பக்கத்து இருக்கைக்காரியின் ஒரு சொல்லில் தொங்குவதை உணர்ந்து அவன் மூச்சடக்கினான்.

“ஏதோ ஒயர் லூஸாம்ப்பா, அவரே சரிபண்ணிட்டாரு” என்றாள் மனைவி.