நாலு புள்ளி எட்டும் ஒரு பீரோவும்

நிலம் அடிக்கடி ஆடுகிற ஊர்களில் மட்டும் விளையும் ஒரு மனித இனம் உண்டு. அளவுசொல்லிகள் என்று வைத்துக்கொள்வோம். தரை குலுங்கியதும் மற்றவர்கள் பிள்ளையைத் தூக்குவார்கள், அடுப்பை அணைப்பார்கள், மேஜைக்கு அடியில் தலையைக் கொடுப்பார்கள், கும்பிட வேண்டியவரைக் கும்பிடுவார்கள், அளவுசொல்லி மட்டும் நடு அறையில் நின்று, ஒரு விரலை உயர்த்தி, தொங்கும் விளக்கை அண்ணாந்து பார்த்து, ஆட்டம் அடங்கியதும் தீர்ப்பு வாசிப்பார்: "நாலு புள்ளி ரெண்டு." வீட்டில் யார் யார் முழுசாக இருக்கிறார்கள் என்று பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் தெருவில் அப்படி யாரையும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அதற்கு என்ன காரணமாக இருக்கும் என்று இப்போதே யோசித்து மனசை நோகடித்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். புள்ளி போட்டு எண் சொல்வது அவருக்குத் தொழிலிலேயே ஊறிய பழக்கம். கிழவர்களின் கண்ணை ஒன்று புள்ளி ஏழு ஐந்து என்று அளக்கிறவருக்குப் பூமியை அளப்பது எம்மாத்திரம்? தெருவே அவரைப் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. கடையில் வரிசையாகத் தொங்கும் ஃபிரேம்கள்தாம் அவருடைய ஆய்வுக்கூடம். மேல் வரிசை மட்டும் கிணுகிணுத்தால் மூன்றுக்குள். கீழ் வரிசையும் சேர்ந்துகொண்டால் நான்கு. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் நாற்காலியை விட்டு ஓடினால் நாலரை.

"ஐயா, எனக்குக் கீழ் எழுத்து ஆடுதுங்க" என்று ஒருவர் சொன்னால், "எழுத்து ஆடல, ஊர் ஆடுது. மூணு புள்ளி ஆறு. அடுத்த எழுத்தைப் படிங்க" என்பார்.

அரசாங்கம் பிறகு செய்தியில் ஓர் எண் சொல்லும். அது இவர் சொன்னதோடு ஒத்துப்போனால், "நான் சொன்னதைத்தான் அவங்களும் சொல்றாங்க." ஒத்துப்போகாவிட்டால், "அவங்க மெஷின் பாறை மேல உக்காந்திருக்கு. நாம மண்ணு மேல உக்காந்திருக்கோம். ரெண்டும் ஒண்ணா?" ஆக, பூமி எப்படி ஆடினாலும் புள்ளிக்காரர் ஆடியதில்லை.

மண்ணைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் உட்கார்ந்திருப்பது ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல். தெருமுனையில் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மேலே மணல், அதன் கீழே களி, அதற்கும் கீழே கூழாங்கல், நடுவில் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு நேராக வந்து, ஓர் இடத்தில் பட்டென்று அறுந்து, ஒரு முழம் கீழே இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி நேராகப் போயிற்று. பழைய பூகம்பம் ஒன்று மண்ணை வெட்டி இறக்கிவிட்ட தடம். அந்தக் குழியை மூடும்வரை புள்ளிக்காரருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து விளிம்பில் நிறுத்தினார்.

"பாருங்க, இதான் பிளவு. நமக்குக் கிழக்கால, ஆத்தோரமா, வடக்கு தெற்கா ஓடுதே பெரிய பிளவு, அதோட தம்பி. செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. தூங்குது. அவன் புரண்டு படுத்தா இந்த வண்டலு பஞ்சு மெத்தை மாதிரி ஆடும். பஞ்சு மெத்தையில பீங்கான் ஜாடியை நிறுத்தி வெச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?" என்பார் மருந்துக்கடைக்காரர். இவர் அதே தெருவின் இன்னோர் அளவுசொல்லி. புள்ளிக்காரர் நாலு புள்ளி ரெண்டு என்றால் இவர் நாலு புள்ளி மூணு என்பார். அந்த ஒரு புள்ளியில் இருவரும் ஒரு மாசம் பேசாமல் இருந்ததுண்டு.

"ஜாடி விழும்யா. அது கூடவா தெரியாது?"

அவ்வளவும் தெரிந்தவரின் வீட்டுக்கு வருவோம். அங்கே ஒரு பீரோ இருந்தது. ஆளைவிட உயரமான இரும்பு பீரோ, கனம் யானைக்கன்று. படுக்கையறையில், சுவரில் சாய்ந்தும் சாயாமலும், எதனோடும் எந்தப் பந்தமும் இல்லாமல் ஒரு துறவியைப்போல நின்றது. அதைச் சுவரோடு பிடித்து நிறுத்த இரண்டு இரும்புக் கிளாம்புகளும் அதற்கான திருகாணிகளும் அவரே வாங்கிவைத்திருந்தார். எப்போது? மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கும் முந்தி. பொட்டலம் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. விருந்தாளி வந்தால், பாட்டரி இல்லாத டார்ச்சோடும், பிஸ்கட் தின்று தீர்ந்துபோன டப்பாவோடும் சேர்த்து அதை எடுத்துக் காட்டுவார்.

"எதுக்கும் தயாரா இருக்கணும் பாருங்க."

பொட்டலத்தைக் கையில் போட்டுக் குலுக்குவார். உள்ளே கலகலவென்று பாதுகாப்பு ஒலிக்கும். திரும்ப இழுப்பறைக்குள் போய்விடும்.

இத்தனை நாளாக யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் மகள் கைக்குழந்தையோடு வந்து இரண்டு மாதம் தங்கப்போகிறாள் என்று தகவல் வந்ததும் விஷயம் மாறிவிட்டது. வீட்டில் தொட்டில் போட இருந்த இடம் ஒன்றே ஒன்று. பீரோவுக்கு நேர் எதிரே.

"பாப்பா வர்றதுக்குள்ள அந்த ரெண்டு திருகாணியைப் போட்டுடுங்க" என்றாள் மனைவி.

"போடலாம். ஆனா போடணுமாங்கறதுதான் கேள்வி."

"இதுல என்ன கேள்வி?"

புள்ளிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் குடும்பத்தார் உட்கார இடம் பார்த்துக்கொள்வது வழக்கம். "பிளவு கிழக்கால இருக்கு. அலை கிழக்கேருந்து மேற்க போகும். பீரோ நிக்கறது வடக்குச் சுவர்ல. அப்ப அது எப்படி ஆடும்? இடதும் வலதுமாத்தான் ஆடும். முன்பக்கம் சாயவே சாயாது. தொட்டில் எங்க இருக்கு? முன்பக்கம். இந்த ஊர்லயே பாதுகாப்பான இடம் அந்த நாலடிதான்."

"பூகம்பத்துக்கு உங்க கணக்கு தெரியுமா?"

"அதுக்குத் தெரியவேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

மகளைக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை ஒரு கணக்காளர். வாழ்நாளில் பேனாவைவிடக் கனமான ஆயுதத்தைத் தொடாதவர். அவரும் தொட்டிலைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். "மாமா, எதுக்கும் ரெண்டு ஸ்க்ரூ..."

"மாப்பிள்ளை, ஸ்க்ரூ போடறது பெரிய விஷயமில்ல. எந்தச் சுவர், எந்த உயரம், எந்தக் கோணம், அதை முடிவு பண்ணணும். அவசரப்பட்டுச் சுவரைத் துளைச்சுட்டு, நாளைக்கு அலை வேற பக்கமா வந்தா?"

இப்போதுதான் அலை கிழக்கிலிருந்து மட்டுமே வரும் என்று சொன்னவர் ஆயிற்றே என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. மாமனாரிடம் கேட்கக்கூடியது, கேட்கக்கூடாதது என்று இரண்டு உண்டு. அவர் மாமியார் முகத்தைப் பார்த்தார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பெண்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மறுநாள் புள்ளிக்காரர் கடை திறக்கப் போனதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டிரில்லிங் மெஷின் வந்தது. மாப்பிள்ளை ஸ்டூலில் ஏறினார். மாமியார் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். துளை கொஞ்சம் கோணலாக விழுந்தது. கிளாம்பும் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் உட்கார்ந்தது. பீரோவின் தலையில் இருந்த பழைய சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போயிற்று. காலியான பொட்டலத்தில் மாமியார் இரண்டு பழைய கதவுக் கீல்களைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள். அதே கலகல. இழுப்பறையில் வைத்து மூடினாள்.

சாயங்காலம் புள்ளிக்காரர் வந்தார். தரையில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். குனிந்து விரலால் தொட்டார். முகம் மலர்ந்தது.

"நான் இல்லாத நேரத்துல ஒண்ணு வந்திருக்கு. சுவர் உதிர்ந்திருக்கு பாரு."

"அப்படியா?" என்றாள் மனைவி.

"ரெண்டு புள்ளி மூணு இருக்கும். நீ கவனிச்சிருக்கமாட்ட."

"கையில வேலையா இருந்தேன். கவனிக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையைப் பார்க்க மருந்துக்கடைக்காரர் வந்தார். குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு நிபுணர்களும் கூடத்துக்கு வந்தார்கள். டார்ச் வந்தது, டப்பா வந்தது, பொட்டலம் வந்தது. புள்ளிக்காரர் அதைக் கையில் வைத்துக் குலுக்கி, "இதுக்கு அவசியமே இல்லைன்னு நான் நிரூபிச்சிருக்கேன்" என்று தொடங்கி, கிழக்கு, மேற்கு, வடக்குச் சுவர் என்று வந்துகொண்டிருந்தபோது, கையிலிருந்த பொட்டலம் தானாகவே கலகலத்தது.

முதலில் ஓர் உறுமல். அப்புறம் தரை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கமாக இழுத்தது. அடுக்களையில் பாத்திரங்கள் வரிசையாகக் குதித்தன. மனைவி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அறைக்குள் ஓடினாள். குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு மகள் ஓடினாள். கூடத்தின் நடுவில் இரண்டு பெரிய மனிதர்கள் தோளோடு தோள் நின்று, விரலை உயர்த்தி, ஒரே விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் பீரோவின் கதவுகள் விரியத் திறந்தன. துணிகள் கொட்டின. பீரோ இடதாகப் போகவில்லை, வலதாகப் போகவில்லை. ஒரு முறை பின்னால் சாய்ந்து சுவரை முட்டி, நேராக முன்பக்கம், தொட்டிலை நோக்கி, ஏதோ ரகசியம் சொல்லக் குனிகிறவனைப்போலக் குனிந்தது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நின்றது. மறுபடி குனிந்தது. மறுபடி நின்றது. அதற்குள் பாட்டியின் கை தொட்டிலுக்குள் போய், குழந்தையோடு வெளியே வந்துவிட்டது.

ஆட்டம் அடங்கியது.

"நாலு புள்ளி எட்டு" என்றார் புள்ளிக்காரர்.

"நாலு புள்ளி ஒன்பது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

செய்தியில் ஐந்து புள்ளி ஒன்று என்றார்கள். பாறை, மெஷின், வண்டல் என்று அதற்கான விளக்கம் உடனே தயாராயிற்று. இருவரும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். துணி சிதறிக் கிடந்தது, பீரோ நின்றது. புள்ளிக்காரர் பொட்டலத்தை மேலே தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா? ஒரு திருகாணி இல்ல. ஒரு கிளாம்பு இல்ல. நிக்குது. ஏன்? திசை."

மருந்துக்கடைக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு புள்ளி கூட்டாமல் ஒப்புக்கொண்டார். தெருவில் கூடிநின்ற ஆண்களிடம், "எங்க வீட்டு அலமாரியும் வடக்குச் சுவர்லதான். நானும் திருகாணி போடப்போறதில்ல" என்று அறிவித்தார். அந்த அலமாரிக்கு முன்னால் அவருடைய தாயார் படுக்கிறார். கூட்டம் தலையாட்டியது. புள்ளிக்காரரின் மனைவி மட்டும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் மனைவியின் பக்கத்தில் போய் நின்று, காதில் நாலு வார்த்தை சொன்னாள். பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷினுக்கு அந்த வாரம் ஓய்வே கிடைக்கவில்லை. ஆண்கள் கடைக்குப் போயிருந்த நேரங்களில் தெரு முழுக்க ஒரே இரைச்சல். சாயங்காலங்களில் வீட்டுக்கு வீடு சிறு அதிர்வுகள் பதிவாயின.

இத்துடன் நின்றிருக்கும். ஆனால் அளவுசொல்லிகளுக்கு ஆதாரம் வேண்டும். பீரோ இடதாக எவ்வளவு நகர்ந்தது, வலதாக எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ள, புள்ளிக்காரர் கடையில் கண்ணளக்கும் அந்தச் சின்ன ஸ்கேலை எடுத்துக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டார். உயரே, விரலில் ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது.

தடவினார். இரும்பு. வளைந்திருந்தது. தட்டையாக இருக்கவேண்டிய கிளாம்பு முன்பக்கமாக, தொட்டிலின் பக்கமாக, வில்போல வளைந்திருந்தது. சுவரிலிருந்து ஒரு திருகாணி பாதி வெளியே வந்திருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு திரும்பித் தொட்டிலைப் பார்த்தார். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயில் எண் எதுவும் வரவில்லை. இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். கீல்கள்.

இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பீரோவுக்குப் பின்னால யாரு திருகாணி போட்டது?"

"எலியா இருக்கும்" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டது அவருடைய அதிர்ஷ்டம். மகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தம்ளருக்குள் முகத்தை மறைத்தாள்.

"எலி கோணலாப் போட்டிருக்கு."

"எலிக்கு எங்க ரசமட்டம் பாக்கத் தெரியும்? அது உங்களை மாதிரி படிச்சதா?"

மறுநாள் அவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். மனைவியின் பக்கத்தில் ஒரு புதுப் பொட்டலத்தை வைத்தார். முன்னதைவிடக் கனமான கிளாம்புகள், நீளமான திருகாணிகள்.

"எலிகிட்ட குடுத்துடு" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஸ்டூலை வேணா நான் பிடிச்சுக்கறேன்."

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் தெருமுனையில் நின்று, "நான் எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன், சுவரோட பிடிச்சு நிறுத்துங்கன்னு. யாரு கேக்கறா?" என்று அவர் மருந்துக்கடைக்காரரைக் கடிந்துகொண்டதைத் தெருவே கேட்டது.

சரி, உங்களிடம் வருவோம். ஐந்து புள்ளி ஒன்றுக்கு அவ்வளவு கனமான பீரோ சாயுமா, அலை கிழக்கிலிருந்து வந்தால் வடக்குச் சுவரில் இருப்பது முன்பக்கம் குனிவது சாத்தியமா என்று படிக்கும்போதே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்கள் அல்லவா? பாதகமில்லை. எழுந்துபோய் உங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். இரும்பு தட்டுப்பட்டால், நீங்களும் அந்த இனம்தான். உங்கள் வீட்டில் ஓர் எலி இருக்கிறது, அதை மரியாதையாக நடத்துங்கள். வெறும் சுவர்தான் தட்டுப்படுகிறது என்றால், அப்போதும் நீங்கள் அந்த இனம்தான். வீட்டில் எலிதான் இல்லை.