அப்பாவை ஒரு வாரம் கொடிக்காலுக்குக் கூப்பிட்டுக்கொள்ளவும்

திருப்பரங்குன்றம்
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அழகுபாண்டி மாமாவுக்கு, தங்கை மகள் பாண்டிமீனா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சோழவந்தானில் நீங்களும் அத்தையும் வெற்றிலைக் கொடிக்காலும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். பாதிப் பேச்சில் என் குரல் கரகரத்ததும், "யார்ரா நீ, பிள்ளைகிட்ட போனக் குடுறா" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டீர்கள். அது நான்தான் மாமா. நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருக்கிற மிஷின் சில நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்து நரம்பைத் தட்டிவிடும். அப்போது கொஞ்ச நேரம் ஆம்பளைக் குரல் வந்துவிடும்.

மிஷின் வைத்த பிள்ளையை யார் கட்டுவான் என்ற கோபத்தில் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அதனால் அங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாத்திரை மாற்றியும் வலிப்பு நிற்காததால் பெரிய டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். வலிப்பு கிளம்புகிற இடம் பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறது, வெட்டி எடுத்தால் பேச்சு போகலாம் என்றார். உடனே அம்மா, "இவ என்னத்தப் பேசுறா? அந்த எடம் சும்மாதான கெடக்கு டாக்டரய்யா" என்றாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இந்த மிஷினைப் பற்றிச் சொன்னார். வலிப்பை அடியோடு நிறுத்தாது, குறைக்கும், மாத்திரையும் விடக் கூடாது என்றார். அப்படியே வாரந்தவறாமல் வந்தது இப்போது எப்போதாவதுதான் வருகிறது. வரும்போல் இருந்தால் ஒரு காந்தத்தை மிஷின்மேல் தடவ வேண்டும், மிஷின் கூடுதலாக ஒரு தட்டுத் தட்டும், அநேகமாக அடங்கிவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பது வீண்வேலை, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு சுந்தரம்மாள் அத்தை காந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் செலவு பண்ணி, கடைசில இரும்பத்தான குடுத்து அனுப்பிருக்காக" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் வலிப்பு வந்தால் இரும்பு பட்டால் நிற்கும் என்று நீங்கள் என் கையில் திணிப்பீர்களே, அந்த வண்டிச் சாவிக்கும் இங்கே மதிப்புக் கூடியிருக்கிறது.

இப்போது கஷ்டமெல்லாம் அப்பாவால்தான் மாமா. பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். நீங்கள் மறைக்கச் சொன்னீர்கள், ஆனாலும் தலைமையாசிரியை சாருலதா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் சேர்ந்தேன். காந்தம் இரண்டு கொடுத்தார்கள், ஒன்று என் பையில், ஒன்று அப்பா சட்டைப்பையில். அப்பா கோயில் பக்கத்துத் தேங்காய்க் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். நான் பேசாமல் இருந்தாலே வலிப்பு என்பது அவர் கணக்கு. நான் எப்போது மாமா பேசினேன்? குழம்பில் உப்பு கூடிவிட்டதே, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தால் ஒரு தடவல், ஜன்னலைப் பார்த்தால் ஒரு தடவல். போன வாரம் வகுப்பில் டெஸ்ட் வைத்தேன், எல்லோரும் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தோம். அந்த அமைதி டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. அப்பா காந்தத்தோடு உள்ளே ஓடி வந்தார். வந்த வேகத்தில் முன்பெஞ்சில் கையை ஊன்ற, பிள்ளைகளின் காம்பஸ்கள் துள்ளிப் போய் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாருலதா டீச்சர் தட்டவில்லை. காந்தத்தை வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டு, "இனி இவர் கேட்டுக்குள்ள கால் வச்சா நீயும் வர வேண்டாம்மா" என்றார். நம் குடும்பத்தில் டீச்சர் என்று கூப்பிடப்படுகிற முதல் ஆள் நான் மாமா. இந்த வேலை போனால் மறுபடி வீட்டு மூலைதான். அப்பா மச்சான் பேச்சை மட்டும்தான் கேட்பார். வெற்றிலை கிள்ள ஆள் இல்லை என்று சொல்லி ஒரு வாரம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போய்த் தனியாக வந்து காட்டிவிடுகிறேன், அப்புறம் நம்பிவிடுவார்.

அத்தைக்கு என் அன்பு. கொடிக்கால் தழைக்கட்டும், உங்கள் மூட்டுவலி குறையட்டும்.

இப்படிக்கு,
பாண்டிமீனா

பின்குறிப்பு: கடிதம் தபாலில் சேராமல் பையிலேயே கிடந்துவிட்டது மாமா, இன்று வெள்ளிக்கிழமை. புதன்கிழமை வகுப்பில் எனக்கு ரப்பர் கருகும் வாசம் வந்தது, வலிப்புக்கு முன்னால் வருகிற அதே வாசம். பையில் கை விட்டால் காந்தம் இல்லை, வீட்டு பீரோவில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிள்ளைகள் கத்தியதும் சாருலதா டீச்சர்தான் அப்பாவிடம் பிடுங்கிய காந்தத்தோடு ஓடி வந்து தடவி, ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். கண் திறந்தபோது என் கை நிறையப் பள்ளிக்கூடத்துச் சாவிகள். டீச்சர் அழுதுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றேன். அது ஆம்பளைக் குரலில் வந்ததால் பயந்துபோய் இன்னொரு தடவை தடவிவிட்டார். பிறகு டீக்கடைக்கு அவரே போய், "நான் பாத்துக்கிறேன், நீங்க கடையத் தொறங்கண்ணே" என்று சொல்ல, அப்பா நேற்றே தேங்காய்க் கடையைத் திறந்துவிட்டார். ஆகவே அப்பாவைக் கூப்பிட வேண்டாம். ஆனால் நேற்றிலிருந்து என் வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு, மடியில் காந்தத்தோடு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். போர்டில் கணக்கை எழுதிவிட்டு மூச்சு வாங்கினால்கூட எழுந்து வந்துவிடுகிறார். வெற்றிலை என்றால் அவருக்கு உயிராம். அவரை ஒரு வாரம் சோழவந்தானுக்குக் கூப்பிட முடியுமா மாமா?