நாக்கு முளைத்த கடற்காவலன்

கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க்கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். பவானியும் என்னிடம் இதைத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. (நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?)

அப்போது ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காக, கம்ப்யூட்டரில் கற்பனை மிருகங்கள் வரைந்துகொண்டிருந்தேன். இன்றும் அதே வேலைதான், அதில் என்னை அடிக்க ஆளில்லை. பவானியைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் அப்பாவின் சம்மதம் மட்டும் பாக்கி. அவர் ராயபுரத்தில் லாஞ்ச் வைத்து மீன்பிடிப்பவர். முதல் சந்திப்பிலேயே, "இன்னா வேல செய்ற நைனா?" என்றார்.

"இல்லாத மிருகங்களை வரையறேன் மாமா."

"இல்லாதத வரையறதுக்கு எவன்பா சம்பளம் குடுக்குறான்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருவொற்றியூரில் அவர் கட்டியிருந்த புது வீட்டின் ஹாலுக்கென்றே 'கடற்காவலன்' என்று ஒன்றை வரைந்தேன். வாளை மீன் உடம்பு, நண்டுக் கைகள், முகம் முழுக்கக் கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் கருணை வழியும். ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, விசேஷத்துக்கு முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரித்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். "யப்பா! இன்னாமா கீது! இந்த மாதிரி ஒண்ணத்தான்பா தேடிகினு இருந்தேன்!"

காரியம் முடிந்தது என்று, மறுநாள் பெண் கேட்க அம்மா அப்பாவோடு பட்டு வேட்டியில் போனேன். தெருமுனையிலேயே அம்மா நின்றுவிட்டாள். "டேய், மேல தொங்கறது நீ வரைஞ்சதுதானே?"

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்தில், கழுத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் மாலையாகத் தொங்க, தெருவை முறைத்துக்கொண்டிருந்தான் என் கடற்காவலன். போதாததற்கு, லாஞ்சுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டில் முழ நீளத்துக்கு நாக்கு வேறு.

"நாக்கு இல்லாம சப்புனு இருந்துச்சு. நான்தான் போட்டேன்," என்றார் வாசலில் நின்ற மாமா, பெருமையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, அது ஹால்ல மாட்டறதுக்கு!"

"ஹால்லயா? சோறு துன்ற எடத்துலயா?"

வந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. "அதை மொதல்ல கழட்டுங்க!" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. நல்ல நாள் அதுவுமாகத் திருஷ்டியைக் கழற்றச் சொன்னவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "இன்னும் உள்ளயே கால வைக்கல, அதுக்குள்ள என் வூடு நாசமா போவணுமா?"

பவானி கண்ணில் நீர் முட்ட என்னைப் பார்த்தாள். வாயைக் கொடுத்து இவளைத் தொலைத்துவிட்டேனே!

"கழட்டி... இறுக்கிக் கட்டணும் மாமா! காத்துல ஆடுது பாருங்க!" என்று உளறிவிட்டு மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து படுத்து, என் ஓவியத்தை நானே இறுக்கிக் கட்டினேன். அவசரத்தில் நாலைந்து மிளகாய் கையிலேயே நசுங்கின. அதே கையால் முகத்து வேர்வையைத் துடைத்தேன். அவ்வளவுதான், இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்ட ஆரம்பித்தது.

தடவித் தடவிக் கீழே இறங்கியவனைப் பார்த்து மாமா உருகிப்போனார். "நம்ம வூட்டு நல்லதுக்காண்டி இந்தப் புள்ள இன்னாமா அழுவுது பாருங்கப்பா!"

அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். (நான் பார்க்கவில்லை. கண் திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.)

கடற்காவலன் இன்றும் அங்கேதான் தொங்குகிறான். வெயிலில் உடம்பு வெளுத்துவிட்டது. நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் அந்த வீட்டுப் படி ஏறும்போதெல்லாம், மாமா வந்தவர் போனவரை நிறுத்தி மேலே காட்டுகிறார்:

"இத்தினி வருசமா ஒரு பேஜாரையும் உள்ள வுட்டதில்லபா அது. இவன் ஒருத்தன மட்டும் எப்டியோ கோட்ட வுட்டுச்சி!"