மாஸ்டர் கெங் கண் திறந்த செம்புக் கட்டிகள்

சனிக்கிழமை காலை. தைபே பாதே சாலைக் கணினிச் சந்தையின் மூன்றாம் மாடியில், மாஸ்டர் கெங்கின் கடை வாசலில் தொடங்கிய வரிசை படியிறங்கி, இரண்டாம் மாடிக் கழிப்பறையைச் சுற்றி வளைந்து, முதல் மாடி நூடுல்ஸ் கடைக்குள் போய் முடிந்தது. நூடுல்ஸ் கடைக்காரர் கைகூப்பி மாஸ்டரை வாழ்த்திக்கொண்டிருந்தார். அன்று பலன் கண்ட முதல் பக்தர் அவர்தான்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு சோளப்பொரிப் பொட்டலம். பச்சைப் பொட்டலம் மட்டும்தான் ஆகும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் எச்சரிக்கும். சிவப்பு வைத்தால் படுத்துவிடும். தேதி தாண்டியதை வைத்தால் பழிவாங்கும். எங்கள் ஊரில் பொறியியல் படித்தவர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள். படிக்காதவர்கள் சோளப்பொரியைத் தின்றுவிடுகிறார்கள்.

மாஸ்டர் கெங் போன வருஷம் வரை கைபேசி எண்களுக்கு ராசி பார்த்தவர். ஊரில் எல்லோரும் எண்ணை மாற்றி முடித்துவிட்டதால் தொழில் படுத்தது. தெய்வம் அவரைச் செம்புக்கு இடமாற்றம் செய்தது.

செம்பு என்றால் வாட்டர் பிளாக். கணினியின் சிப் வேலை செய்யச் செய்யச் சூடாகும். அதன் தலையில் ஒரு செம்புக் கட்டியை உட்காரவைத்து, கட்டிக்குள் தண்ணீரை ஓடவிட்டால், தண்ணீர் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும். அவ்வளவுதான் விஷயம். கட்டியின் அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா, உள்ளே வாய்க்கால்கள் நுணுக்கமாக இருக்கின்றனவா, நம் சிப்புக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மாஸ்டர் கடையில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் எறிய வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் தெய்வம் சம்மதித்ததாக அர்த்தம். தொடர்ந்து மூன்று சம்மதம் கிடைத்த கட்டிதான் உங்களுடையது. விலை குறைந்த கட்டிக்குச் சம்மதம் விழுந்தால், "கை நடுங்குச்சு, மறுபடி போடுங்க" என்பார் மாஸ்டரின் மனைவி மாஸ்டரம்மா. விலை கூடிய கட்டிக்கு யார் கையும் நடுங்கியதில்லை.

தேர்ந்தெடுத்த கட்டியின் அடிவயிற்றில் மாஸ்டர் ஏற்கெனவே துளைக்கருவியால் ஒரு மந்திர எழுத்தைச் செதுக்கியிருப்பார். அதற்குப் பெயர் திருத்தம். பிறகு சிவப்புத் துணி சுற்றிக் கையில் தருவார்கள். வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை உருவி, கண்ணை மூடிக்கொண்டே மாட்ட வேண்டும். அடிவயிற்றைப் பார்க்கவே கூடாது. மாட்டி ஒரு மாதம் கழித்துக் கணினியோடு வந்தால் மாஸ்டர் 'கண் திறப்பு' செய்வார். அன்றைக்குத்தான் கட்டி குளிரும்.

என் அறைத்தோழன் போ-சென் அப்படிக் கண்ணை மூடி மாட்டியவன். பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான்.

போ-சென் அனிமேஷன் இறுதியாண்டு. பல்வலி வந்த திமிங்கிலத்தைப் பற்றி நான்கு நிமிடப் படம். கணினி அதைத் தீட்டி முடிக்க இடைவிடாமல் முப்பது மணி நேரம் ஓட வேண்டும். அவன் கணினி இருபது நிமிடம் ஓடி, கொதித்து, தானே அணைந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை திரையிடல். படம் இல்லையென்றால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு, அதே திமிங்கிலம்.

"தொண்ணூத்தெட்டு டிகிரிடா," என்றான்.

"கட்டி மாட்டறதுக்கு முன்னாடி, பழைய காத்தாடியோட எவ்வளவு இருந்துச்சு?"

"எண்பத்தஞ்சு."

"அப்போ காத்தாடியையே மறுபடி மாட்டித் தொலையேன்டா."

"அதுவும் ஒரு மணி நேரத்துல நூறு தாண்டி அணைஞ்சுதான்டா போச்சு. இது கண் திறக்காத கட்டி. அப்படித்தான் இருக்குமாம். உனக்கு இதெல்லாம் புரியாது."

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். வெப்பக் கடத்தல் பாடத்தில் இரண்டு முறை தோற்றவன். எனவே வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் திரு. ஷி. சிப் தொழிற்சாலையில் மூத்த பொறியாளர். தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்த அளவில் கோடு இழுக்கிறவர். ஒரு தூசி விழுந்தால் முழுத் தகட்டையும் குப்பையில் போடுகிறவர்.

"சார், நீங்களுமா?" என்றேன்.

"தம்பி, வேலை செய்யற இடத்துல நான் எதையும் சோதிக்காம நம்ப மாட்டேன்."

"அப்புறம்?"

"இன்னைக்கு லீவு."

அவர் முறை வந்தது. திரையில் தொண்ணூற்றேழு. கணினியை அணைத்தார்கள். மாஸ்டர் மஞ்சள் துணியால் பெட்டியை மூடி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். முணுமுணுத்தார். துணிக்குள் திருகாணிகள் சுழலும் சத்தம் கேட்டது. தீர்த்தம் தெளித்தார். தீர்த்தத்தில் ஊசி போடுமுன் நர்ஸ் தடவுகிற பஞ்சின் வாசனை அடித்தது. மறுபடி திருகாணிச் சத்தம். துணியை விலக்கிக் கணினியைப் போட்டார்கள். கால் மணி நேரம் ஓடவிட்டும் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை.

கூட்டம் ஒரே குரலில் "ஆ!" என்றது. மூத்த பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கைதட்டினேன். இருபத்தைந்து டிகிரி என்றால் விளையாட்டா?

எங்கள் முறை.

"படம் எதைப் பத்தி?" என்றார் மாஸ்டர்.

"திமிங்கிலம், மாஸ்டர்."

அவர் கண்ணை மூடினார். "கடல் பிராணி. கட்டிக்குள்ள ஓடறதோ குழாய்த் தண்ணி. உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் உள்ளே சண்டை நடக்குது. சாதாரணக் கண் திறப்புக்கு இது அடங்காது. பெரிய சடங்கு செய்யணும்."

"அதுக்கு எவ்வளவு ஆகும், மாஸ்டர்?"

"நான் காசைப் பத்திப் பேசறதில்ல," என்றார் மாஸ்டர்.

அதற்காகத்தான் மாஸ்டரம்மா இருந்தார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு போ-சென் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கையில இல்லாட்டி என்ன தம்பி? வண்டி கிண்டி வச்சிருக்கியா?"

போ-சென் ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பூசைத் தட்டில், ஆரஞ்சுப் பழங்களுக்கு நடுவே வைத்தான். கை நடுங்கவில்லை.

"டேய், அது அக்கா வண்டிடா!" என்றேன்.

"வியாழக்கிழமைடா," என்றான்.

மாஸ்டரம்மா சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "தெய்வத்துக்கு முன்னாடி அக்கா வண்டி, தம்பி வண்டின்னு பேதம் கிடையாது. என்ன வருஷத்து மாடல்?"

நான் செய்தது ஒரே ஒரு காரியம். கைபேசியை எடுத்து, அவன் அக்கா மெய்-சுவானுக்கு அனுப்பினேன்: 'உங்கள் ஸ்கூட்டரைத் தெய்வம் எடுத்துக்கொள்ளப் போகிறது. மூன்றாம் மாடி.'

மெய்-சுவான் எதிர்ச்சாரியில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். விடியற்காலையில் சோயாப்பாலும் முட்டையும் அந்த ஸ்கூட்டரில்தான் வந்து சேர வேண்டும். சிற்றுண்டிக் கடைக்காரிகள் வழக்கப்படி, அவளுக்கு உலகத்தில் இரண்டே பெயர்கள்தான் தெரியும்: ஆண் என்றால் அழகன், பெண் என்றால் அழகி. முகம் எப்படியிருந்தாலும் சரி.

ஆறாவது நிமிடம் படியிலிருந்து குரல் வந்தது.

"அழகா, கொஞ்சம் நகரு. அழகி, பையை ஒதுக்கு. அழகா, உன்னைத்தான்!"

வரிசை தானாகப் பிளந்தது. பாதிப் பேர் அவளிடம் தினமும் முட்டை ரொட்டி வாங்கித் தின்கிறவர்கள். ஏப்ரனோடு வந்து நின்றாள். இடுப்பில் ரொட்டி திருப்பும் கரண்டி.

"டேய் போ-சென், வண்டிச் சாவி எங்கடா?"

தம்பி ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரை.

"இவர் என்ன செய்வாராம்?"

"கண் திறப்பாருக்கா. சூடு இறங்கிடும்."

"எப்படி?"

"துணிக்குள்ள."

"சரி அழகா," என்றாள் மாஸ்டரிடம். "துணியில்லாம செய்யுங்க. நாங்களும் பார்க்கறோம்."

"ஒளி கலைஞ்சிடும், அம்மா."

"கலையக் கூடாதுதான். அப்போ துணி இருக்கட்டும். மந்திரம் சொல்லுங்க, தீர்த்தம் தெளிங்க. திருகாணியை மட்டும் தொடாதீங்க."

மாஸ்டர் கையிலிருந்த துணியை மடித்தார். "திருகாணியைத் தளர்த்தாம ஒளி எப்படி உள்ளே போகும்?"

"தெய்வம் சொர்க்கத்துலேர்ந்து மூணாம் மாடி வரைக்கும் வந்துடுச்சு. நாலு திருகாணியில மாட்டிக்குதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாஸ்டரம்மா முறைத்தார். சிரித்த திரு. ஷி இருமுவதுபோல் நடித்தார்.

வேறு வழியில்லை. மாஸ்டர் துணியைப் போர்த்தி மந்திரம் சொன்னார். உரக்கச் சொன்னார். தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். மெய்-சுவான் கரண்டியைத் தூக்கி அவர் விரல்களைக் காவல் காத்தாள். கணினியைப் போட்டு ஓடவிட்டார்கள். எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

தொண்ணூற்றெட்டு. மாஸ்டர் இன்னொரு முறை சொன்னார். தொண்ணூற்றொன்பது. கணினி கொதித்து அணைந்தது.

"நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல நின்னா இப்படித்தான்," என்றார் மாஸ்டர்.

"அப்போ நானே பார்க்கறேன். நம்பிக்கை இல்லாதவங்களுக்கு என்ன தெரியுதுன்னு பார்க்கலாம்," என்றாள் மெய்-சுவான்.

"அடிவயித்தைப் பார்க்காதே! கண் போயிடும்!" என்று மாஸ்டரம்மா கத்தினார். முன்வரிசையில் நாலு பேர் நிஜமாகவே கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அதில் இருவர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

நான் திருகாணிகளைக் கழற்றினேன். மெய்-சுவான் கட்டியைப் புரட்டி, சூடு கடத்த நடுவே தடவியிருந்த பசையைக் கடைத்துணியால் துடைத்தாள். செம்பு பளபளத்தது. கொஞ்சம் அதிகமாகவே பளபளத்தது. அவள் ஓர் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள்.

சர்ரென்று உரிந்துவந்தது, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம்.

"எங்க கடைக்குப் புது ரொட்டிக் கல் வந்தப்போ இதே மாதிரி ஒட்டியிருந்துச்சு," என்றாள். "தெரியாம அடுப்பை மூட்டிட்டேன். முதல் மூணு முட்டை ரொட்டியும் மழைக்கோட்டு மாதிரி இருந்துச்சு."

படலத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் பொடி எழுத்து. உரக்கப் படித்தாள்: "உபயோகிக்கும் முன் உரிக்கவும்."

கொதிக்கும் சிப்புக்கும் குளிர்விக்கும் செம்புக்கும் நடுவே ஒரு மாதமாக ஒரு பிளாஸ்டிக் போர்வை. எழுத்தைச் செதுக்கிய பிறகு மாஸ்டர் திரும்ப ஒட்டியது. துணிக்குள் அதை உரித்து, தீர்த்தம் என்கிற ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவதுதான் கண் திறப்பு.

புதுப் பசை தடவிக் கட்டியைத் திரும்ப மாட்டினோம். மந்திரம் இல்லை. தீர்த்தம் இல்லை. எழுபத்தொன்று.

அவள் அத்தோடு விடவில்லை. அலமாரியிலிருந்த புதுக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, எல்லாவற்றின் வயிற்றிலும் நகத்தைக் கொடுத்தாள். சர், சர், சர். பதினோரு கண்கள் இரண்டு நிமிடத்தில் திறந்தன. ஊரிலேயே பெரிய மாஸ்டர் அவள்தான் என்று ஆகிவிட்டது.

அதற்குள் திரு. ஷி குனிந்து கடைத்துணியில் ஒட்டியிருந்த பழைய பசையை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு லீவு முடிந்துவிட்டது போல. "தம்பி, அடியில ஒரு எழுத்து செதுக்கியிருக்காரே. அந்தப் பள்ளத்துல செம்பு சிப்பைத் தொடாதில்லையா?"

நான் கீழ்த்தளத்துக்கு ஓடி உப்புத்தாள் வாங்கிவந்தேன். மாஸ்டரின் மேசைக் கண்ணாடிமேல், அவர் தெய்வத்தோடு எடுத்துக்கொண்ட படங்களுக்கு நேர்மேலே, உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் விட்டு, மறுபடி கழற்றிய கட்டியின் அடியை வட்ட வட்டமாகத் தேய்த்தேன். மந்திர எழுத்து மெல்ல மெல்லக் கரைந்து செம்புப் பொடியாய் ஓடியது. வெப்பக் கடத்தல் பாடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மதிப்பெண் அது. எழுத்து இருந்தபோது எழுபத்தொன்று. எழுத்து போனபின் மாட்டிப் பார்த்தால் அறுபத்துநான்கு.

மாஸ்டர் கையை உயர்த்தினார். "படலமும் தெய்வத்தோட சோதனைதான். யார் உரிக்கறாங்கன்னு பார்க்கத்தான்..."

"உரிச்சாச்சு," என்றாள் மெய்-சுவான். பூசைத் தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். கூடவே ஓர் ஆரஞ்சுப் பழத்தையும். "இது என் ஆறு நிமிஷத்துக்கு. டேய், பெட்டியைத் தூக்கு. படம் முடியற வரைக்கும் நீ நடந்தே போ."

திங்கட்கிழமை காலைக்குள் படம் தீட்டி முடிந்தது. வியாழக்கிழமை திரையில் திமிங்கிலத்துக்குப் பல் பிடுங்கினார்கள். மெய்-சுவான் கடையை மூடிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, முழு நான்கு நிமிடமும் தூங்கினாள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டு மாஸ்டரம்மாவை மொய்த்தார்கள். மீதிப் பாதி, மெய்-சுவான் உரித்துப்போட்ட படலங்களைக் கீழேயிருந்து பொறுக்கினார்கள். "கண் திறந்த படலமாச்சே, வைஃபை பெட்டியில ஒட்டினா வேகம் கூடுமா?" என்று ஒருவர் என்னிடம் மரியாதையாக விசாரித்தார். மாஸ்டர் கெங் பின்வாசல் வழியாக நழுவி, இப்போது வேறொரு ஊரில் மின்சாரக் காரின் பேட்டரிக்குக் கண் திறப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை படியிறங்கி வளைகிறதாம்.

செம்புக் கட்டி செய்தவன் நேர்மையானவன். 'உபயோகிக்கும் முன் உரிக்கவும்' என்று அதன் வயிற்றிலேயே அச்சடித்துத்தான் அனுப்பினான். நம் மண்டையின்மேல் அப்படி யாரும் அச்சடித்து அனுப்பவில்லை. நாமேதான் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.