கெட்ட செய்தி நுழையாத வீடு

இன்றைக்கு ஒரு நாள் என் மனைவியின் காதில் ஒரு கெட்ட செய்திகூட விழக் கூடாது. காலை ஆறு மணிக்கு, பல் துலக்குவதற்கு முன்பே, இந்த முடிவை எடுத்தேன். துலக்கிய பிறகு எடுத்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். நான்கு நாட்களுக்கு முன் லேசாக ரத்தம் பட்டது. படுக்கையை விட்டு எழக் கூடாது, பயப்படக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார். மறுபடியும் ரத்தம் பட்டால் குழந்தையை முன்னதாகவே எடுக்க வேண்டிவரும், இப்போதைக்கு அதற்கு எடை போதாது என்றார். உள்ளே வந்ததும், என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். நான்கு நாட்களாக அந்த ஒண்ணுமில்லையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அதற்கு எடை போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

நேற்றுவரை பகலில் அவளுடைய அக்கா வந்து பார்த்துக்கொண்டார். இன்று அவருக்கு வேலை. நான் லீவு போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்தால் வராதது எதுவுமில்லை என்று நம்புகிறவன். குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன். என் மகன் ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

அவனுக்கு இரண்டு வயது. வயிற்றில் இன்னொன்று வந்ததிலிருந்து அவனைப் பெரியவன் என்கிறோம். இந்தப் பதவி உயர்வு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"சமாளிச்சிடுவீங்களா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"ஒரு நாள்தானே."

"டிவி மட்டும் போட்டு உக்கார வைக்காதீங்க. அப்புறம் ராத்திரி தூங்கவே மாட்டான்."

"சத்தியமா போட மாட்டேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் என் சத்தியங்களை அவள் அங்கேதான் மாட்டி வைக்கிறாள்.

ஊட்டிய சாதத்தில் பாதி சுவருக்குப் போனது. பாதி என் சட்டைக்கு. மூன்று முறை கால்சட்டை மாற்றினேன், அதில் ஒன்று என்னுடையது. அதுகூடப் பரவாயில்லை. பெரியவன் படுக்கையறைக் கதவைத் தட்டி "அம்மா" என்பான். திறக்காவிட்டால் அழுவான். அழுதால் உள்ளே கட்டில் கிரீச்சிடும். கிரீச்சிட்டால் அவள் எழப் பார்க்கிறாள் என்று அர்த்தம். ஆகவே என் வேலை குழந்தை வளர்ப்பு அல்ல, கட்டிலை வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது. யானை ஆனேன். குதிரை ஆனேன். பத்தரை மணிக்குக் கட்டில் மூன்றாம் முறை கிரீச்சிட்டதும் மனிதன் ஆனேன். ரிமோட்டைத் தேடினேன்.

ரிமோட் பெரியவன் மடியில் இருந்தது. பின்பக்க மூடி அவன் கையில் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய பேட்டரி, நாணயம் மாதிரி வட்டமான அந்தச் சின்னப் பேட்டரி, இல்லை. அவன் எதையோ விழுங்கி முடித்தவனைப் போல உதட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

அது தொண்டையில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யும் என்று படித்திருக்கிறேன். அப்போதுதான் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. சோபாவுக்கு அடியில் பார்த்தேன். அவன் வாய்க்குள் பார்த்தேன். விரலை விட்டேன். கடித்தான்.

"முழுங்கிட்டியாடா கண்ணா?"

"ஆமா."

"முழுங்கலைதானே?"

"ஆமா."

மனைவியிடம் சொல்ல முடியாது. பயப்படக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. தவிர, ரிமோட்டை நான் எதற்குத் தேடினேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். கதவுக்கு வெளியே நின்று, பார்க்குக்குப் போய் வருகிறோம் என்றேன். தொப்பி போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் அழைத்தால் உளறிவிடுவேன் என்று போனையும் அணைத்தேன்.

அவளுக்குப் பார்க்கும் அதே ஆஸ்பத்திரிதான். அங்குள்ள நர்ஸுக்கு என்னைத் தெரியும். ஒவ்வொரு மாதமும் நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பதினாறு கேள்வி கேட்கிறவனை மறக்க முடியுமா? குழந்தைகள் டாக்டர் பெரியவனின் தொண்டையைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, பேட்டரி எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டார். தெரியாது என்றேன். நர்ஸ் எங்கள் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வந்து டாக்டரின் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கவலைப்பட ஒண்ணுமில்ல சார். அப்படி உக்காருங்க" என்றார் நர்ஸ்.

"எக்ஸ்ரே எடுக்கலையா சிஸ்டர்?"

"கவலைப்பட ஒண்ணுமில்ல."

மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஒண்ணுமில்லை என்று எப்போது சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நானே சொன்னவன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவன் மீன் தொட்டியைப் பார்த்துச் சிரித்தான். நர்ஸின் பிஸ்கட்டைத் தின்றான். கடைசியில் என் தோளில் தூங்கிப்போனான். ஒவ்வொரு மூச்சும் வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு எதற்கு இன்னொன்று என்று முந்தின நாள் மனதுக்குள் நினைத்திருந்தேன். அது கேட்டுவிட்டதோ என்று பயந்தேன். யாருக்குக் கேட்டது என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுல போய்க் கேளுங்க" என்றார்.

வீட்டில் மனைவி படுத்துத்தான் இருந்தாள். நான்கு நாட்களாக இல்லாத தெளிவு முகத்தில். தலைமாட்டில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில், பேட்டரி.

"நேத்தே அக்காவை எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வச்சேன்" என்றாள். "டிவி ஓடலைன்னு பத்தரைக்கு என்கிட்ட வந்து நிப்பீங்கன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்கு ஓடுவீங்கன்னு நெனைக்கல. நர்ஸ் போன் பண்ணிக் கேட்டாங்க."

"அப்பவே தெரியுமா? ரெண்டு மணி நேரம் அங்க செத்துப் பொழைச்சேன்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொன்னேனே. சொல்லலையா?"

பெரியவனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"குழந்தை அழறானான்னு கேட்டேன். இல்லை, அப்பாதான் அழுவார் போலன்னாங்க. அப்ப ரெண்டு மணி நேரம் அங்கேயே இருக்கட்டும்னேன். டாக்டரும் சரின்னாராம். நாலு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் தூங்கினேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப சொல்லுங்க. அன்னிக்கு டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னார்?"

பெரியவனை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எடையைச் சொன்னேன். முந்தின நாள் நினைத்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை. வயிற்றின் மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கிரீச்சிடவே இல்லை.

"நல்லா தூங்கினா எடை கூடும்னு நர்ஸ் சொன்னாங்க" என்றாள் கடைசியில். "நாளைக்கும் லீவு போடுங்க. பதினோரு மணிக்கு அவனை அந்த மீன் தொட்டிகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"சும்மா போய் எப்படி உக்கார்றது? என்ன காரணம் சொல்றது?"

"அதுவா?" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அது உங்களுக்குத்தான் நல்லா வருமே."