ஒன்பது பொட்டலம் ஏலக்காய் லஞ்சம் அல்ல

போடிநாயக்கனூர்

மதிப்பிற்குரிய வரலாற்றுத் துறைத் தலைவர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, தங்களிடம் வாத்தியாராக இருக்கும் அனுப்பிரியாவின் தகப்பன் ராக்கையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். தாங்களும் துறையில் உள்ள மற்ற எட்டுப் பேரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் அமெரிக்கக் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. அவரை வைத்து இதை வாசித்துக்கொள்ளவும். என் மகளிடம் கொடுக்க வேண்டாம்.

தங்கள் ஒன்பது பேருக்கும் வந்த ஏலக்காய் லஞ்சம் அல்ல. அனுப்பிரியாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அமெரிக்கா பிறந்த புதிதில் அதன் பட்டாளம் மேற்கே மேற்கே போய்க் கோட்டை கட்டியதையும், ரோடு போட்டதையும், அங்கே குடியிருந்த ஜனங்களை விரட்டியதையும் பதினாறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். எங்களுக்கு இது பிடிபடவே நாளாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு பட்டாளத்துலயா இருக்கு? எங்க பையன் சாது” என்று காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு கல்லூரியில் ஒரு வருஷம், இன்னொன்றில் இரண்டு வருஷம் என்று தற்காலிகமாகவே அலைந்து தங்களிடம் வந்து சேர்ந்தாள். ஒரு கோட்டைக்கு எத்தனை மூட்டை மாவு போனது என்று கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய காகிதத்தில் தலையை விட்டுக்கொண்டிருந்தவள். போடிமெட்டு மலைக்கு ஜீப்பில் ஏற்றினால் வாந்தி எடுக்கிற பிள்ளை, ஐயா.

இந்தச் சித்திரையில் தாங்கள் ஒன்பது பேரும் கூடி அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னாள். “என் வேலையப் பாத்து மதிப்புப் போடுவாங்கப்பா” என்றாள். எங்கள் ஊரில் ஏலக்காய்க்கு மதிப்புப் போடுகிறவருக்கு முதலில் மாதிரி கொடுப்போம். வியாபாரி காயைப் பிய்த்து, முகர்ந்து, வாயில் போட்டுப் பார்ப்பார். மாதிரியைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. தாங்கள் பார்ப்பது புத்தகத்தைத்தான், ஆனாலும் அவள் எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று தெரிய வேண்டாமா? கூரியர் கடைப் பிரதீப் கம்ப்யூட்டரில் ஒன்பது முகவரியும் எடுத்தான். “அமெரிக்காவுல ஏலக்கா கிடைக்காதா பெரியப்பா?” என்று கேட்டான். எட்டு மில்லி பருமனில் முதல் தரப் பச்சைக் காய், ஆளுக்குக் கால் கிலோ, ‘அனுப்பிரியாவுக்காக’ என்று உள்ளே ஒரு சீட்டு. போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது. “என் சோலிய முடிச்சிட்டீங்களேப்பா! இங்க இதுக்குப் பேரு லஞ்சம்.” அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. தப்பு முழுவதும் என்னுடையது. காயைக் குப்பையில் போட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் பாருங்கள், ஐயா.

எங்கள் குலதெய்வம் தங்கள் துறையை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். என் மனைவி பொன்னுமணி தங்கள் வீட்டம்மாவை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ராக்கையா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் பொன்னுமணிக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். இதைக் காட்டவில்லை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. தெரிந்தால் மகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று, மகளிடம் சொல்லக்கூடாதென்று பொன்னுமணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் இல்லை. எனக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஏலக்காய் கொடுத்தவர் பிள்ளைக்கு வேலை கிடையாது என்பது தங்கள் சட்டமானால், ஐயா, அது லஞ்சம்தான். அவளை ஊருக்கு அனுப்ப அது போதாது என்றால் இன்னும் ஒன்பது பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.